சிரி ஏன் திரும்பி வரவில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

வயது வந்தோருக்கான, கதை சொல்லும் வீடியோ கேம்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இதை யாராவது மதித்து எழுத மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். அதற்கு நன்றி. ஆனால் கட்டுரை போட்ட கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. கதைக்கு எத்தனை கிளைகள், எத்தனை முடிவுகள் என்று எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை கூடினால் நாயகனின் சுதந்திரமும் கூடிவிட்டது என்கிறது. 2015-இல் வந்த 'விட்ச்சர் 3'-க்கு 36 முடிவுகள் என்று விளம்பரம் செய்யப்பட்டதைச் சான்றாகவும் காட்டுகிறது. அந்த கேமை இரண்டு முறை முழுதாக முடித்தவன் என்பதால் சொல்கிறேன், அதன் பெருமை அந்த 36-இல் இல்லை.

நாம் ஆடுவது கெரால்ட்டாக. அவன் தேடி அலைவது வளர்ப்பு மகள் சிரியை. கிடைத்த பிறகு ஒரு போரில், அவளைக் காப்பாற்றப் போய் முதியவர் வெஸமிர் இறந்துவிடுகிறார். சிரி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் இரண்டு வசனங்கள். "எல்லாவற்றிலும் நீ கெட்டிக்காரியாக இருக்க வேண்டியதில்லை" என்பது ஒன்று. கேட்க எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது! நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இன்னொன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் இருவரும் வெளியே போய்ப் பனிக்கட்டி உருண்டைகளை எறிந்து விளையாடியிருப்பார்கள். பிறகு சூனியக்காரிகளின் சபை அவளைப் பேச அழைத்தபோது, தனியாக விட மனமில்லாமல் கூடவே போனேன். ஒருவர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று தெரிந்து அவருடைய ஆய்வுக்கூடத்தை அடித்து நொறுக்க அவள் துடித்தபோது, "பொறுமையாக இரு" என்றேன். எல்லாம் அக்கறையில் செய்தவைதான். கடைசியில் உலகைக் காக்கக் கோபுரத்துக்குள் போன சிரி திரும்பி வரவேயில்லை. உள்ளே போகும்போது அவள் நினைவில் ஓடியவை நான் அவளை நம்பாமல் நடந்துகொண்ட அந்தத் தருணங்கள்.

கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வருடம் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கல்லூரி கவுன்சலிங்குக்குக் கூட வருகிறேன் என்று நான் நின்றபோது, "வாசல் வரைக்கும் போதும்ப்பா" என்று சொல்லியிருந்தாள்.

இப்படி ஐந்து இடங்கள்தான் சிரியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. இதுதான் முக்கியமான இடம் என்று கேம் எங்கேயும் எச்சரிப்பதில்லை. முடிவெடுப்பது நானல்ல, சிரி. நான் அவளை எப்படி நடத்தினேனோ அதை வைத்து அவள் எடுக்கிறாள். கெரால்ட்டும் என் இஷ்டத்துக்கு ஆடும் நூல் பொம்மை அல்ல. திரையில் வரும் ஒவ்வொரு வசனமும் அந்த மனிதன் சொல்லக்கூடியதுதான். சொல்லமாட்டாதது பட்டியலிலேயே வராது. கட்டுரையாளர் இதைக் குறை என்கிறார். எனக்கோ, அதனால்தான் அவன் ஒரு ஆளாகத் தெரிகிறான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2013-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முடியும் இடத்தில் தேர்வே கிடையாது. நாம் ஆடுவது ஜோயலாக. உலகை அழித்த நோய் தொற்றாத சிறுமி எல்லியை அவன் கூட்டிவந்திருக்கிறான். அவளைப் பலிகொடுத்தால் நோய்க்கு மருந்து கிடைக்கலாம். அறுவை மேசை முன் மருத்துவர் கத்தியோடு நிற்கிறார். அவரைக் கொல்லாமல் ஆட்டம் நகராது. சும்மா நின்று பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு முன் மகளைப் பறிகொடுத்த ஜோயல் அந்த அறையில் வேறு எதைச் செய்வான்? பட்டனை அழுத்தியது என் விரல், கை அவனுடையது. தேர்வு கொடுத்திருந்தால் அவன் யார் என்பதே கலைந்துபோயிருக்கும்.

தேர்வு தராதது எல்லாமே நல்ல எழுத்து என்று நான் சொல்லவில்லை. 2012-இல் வந்த 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற எரிகுண்டு வீசியே தீரவேண்டும் என்று நம்மைத் தள்ளிவிட்டு, கருகிய பொதுமக்களைக் காட்டி நம்மையே குற்றவாளியாக்குகிறது. பலர் அதைப் புகழ்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஜோயலின் கொலைக்கு ஜோயல் பொறுப்பு. இங்கே நாயகன் கேப்டன் வாக்கரின் பொறுப்பைத் தூக்கி என் தலையில் வைக்கிறார்கள்.

'வயது வந்தோருக்கு' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. கட்டுரை அதை ரத்தம், நிர்வாணம் என்றே எடுத்துக்கொண்டது. 'டிஸ்கோ எலிசியம்' கேமின் விரிவான பதிப்புக்கு ஆஸ்திரேலியா 2021 மார்ச்சில் போதைப்பொருளைக் காரணம் காட்டி அனுமதி மறுத்தது. மே மாதம் மறுஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அனுமதித்தது. போதை நாயகனுக்குக் கெடுதலையும் கொண்டுவருகிறது என்பதை மறுஆய்வுக் குழு கவனித்திருந்தது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன போலீஸ்காரன் அவன். அவனுடைய 24 திறமைகளும் மண்டைக்குள் ஆளுக்கொரு குரலில் பேசுகின்றன, சண்டை போடுகின்றன, தப்பான யோசனையும் சொல்கின்றன. நான் பதிலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அவன் தன்னோடு வாக்குவாதத்தை ஆரம்பித்திருப்பான். அவன் தடுமாறும்போதெல்லாம் பக்கத்தில் நின்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் சக போலீஸ்காரர் கிம் கிட்சுராகியின் முகத்தைத்தான் நான் பார்ப்பேன். அவர் என்ன நினைப்பாரோ என்று பயந்து பதிலை மாற்றியிருக்கிறேன். கட்டுரையில் இந்த கேம் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்துபோனது வருத்தம்.

அதைவிட வருத்தம், 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தைக் கட்டுரை பேசவேயில்லை என்பது. ஜோயல் கொன்ற அந்த மருத்துவரின் மகள் ஆபியாக நம்மை ஏறத்தாழப் பாதி ஆட்டம் ஆடவைக்கிறார்கள். முதல் பாகத்தை நேசித்த பலர் அதற்காகக் கொதித்தார்கள். நானும் முதல் சில மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆடினேன். அதற்கென்று ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள். ஆபியைக் கடைசிவரை வெறுத்த ஒருவரே எழுதினாலும் சரி, ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு வாசகர்