அப்பா ஓட்டிய லாரிக்குக் கிட் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் வாங்கிக் கொடுக்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு பக்கம் வந்திருந்தது. செஸ் போர்டு, கலர் பென்சில், புதிர் அட்டை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கார், லாரி மாடல் கிட்டையும் சேர்த்திருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். இருபது வருஷமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் செய்துவரும் வேலை அது. ஆனால் பொம்மை வரிசையில் வைத்துவிட்டீர்களே என்பது மனசைக் குடைந்துகொண்டே இருந்தது, அதனால் இந்தக் கடிதம்.

முதலில் பெற்றோருக்கு ஒன்று. 24-இல் ஒரு பங்கு அளவில் வரும் லாரி கிட்டைத் திறந்தால் உள்ளே லாரி இருக்காது. ஸ்ப்ரூ என்று சொல்கிற பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பாகங்கள் தொங்கிக்கொண்டிருக்கும், கூடவே ரப்பர் டயர், கண்ணாடிக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால், ஒரு செய்முறைத் தாள், அவ்வளவுதான். பெயின்ட்டும் பசையும் தனியாக வாங்க வேண்டும். அந்தப் பசையும் சாதாரணப் பசை அல்ல, பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாகச் சேர்க்கிற கரைப்பான். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும், பெயின்ட் தெளிக்கும்போது மாஸ்க் கட்டாயம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை வாங்கித் தராதீர்கள். அந்த வயதுக்குப் பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட்டுகள் இருக்கின்றன. ஜப்பானின் டமியா நிறுவனம் 1982-இலிருந்து விற்கும் மினி 4டபிள்யூடி அப்படிப்பட்டது, மோட்டாரும் உண்டு, பிள்ளைகள் ஒரே நாளில் சேர்த்து ஓடவிடலாம்.

பொம்மை என்று சொல்வது நீங்கள் மட்டும் இல்லை. சுங்க வரிப் பட்டியலிலும் அளவு சுருக்கிய மாடல்கள் பொம்மைகளோடு 9503 என்கிற ஒரே தலைப்பில்தான் இருக்கின்றன. 2020-இல் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் அது 70 ஆனது. தரமில்லாத பொம்மைகள் வந்து குவிவதைத் தடுக்கவும் நம் நாட்டுப் பொம்மைத் தொழில் பிழைக்கவும் செய்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் வாங்குவது இத்தாலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் கிட், வளர்ந்த ஆள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற பொருள். இதற்கும் கிலுகிலுப்பைக்கும் ஒரே வரி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தனி வகையாகப் பிரித்துவிட்டால் போதும்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா சங்ககிரியில் லாரி டிரைவராக இருந்தவர். ஓட்டியது டாடா 1210. 12 டன், 100 குதிரைத்திறன், அதைத்தான் அந்த எண் சொல்கிறது. 1980-களில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வரச் சில சமயம் ஒரு மாதம் ஆகிவிடும், தெருமுனையில் அந்த ஹாரன் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவார். பின்னால் லாரி கைமாறிக் கைமாறி எங்கேயோ உடைசலுக்குப் போய்விட்டது. அப்பாவும் இப்போது இல்லை. மிச்சம் இருப்பது ஆயுத பூஜை அன்று எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் போட்டோ. பம்பரில் வாழைக்கன்று கட்டியிருக்கிறது, அப்பா பக்கத்தில் தோளில் துண்டோடு நிற்கிறார்.

அந்த லாரியைச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்த வேலைக்குள்ளேயே வந்தேன். டாடா 1210-க்கோ எண்ணூரில் செய்த லேலண்ட் காமெட்டுக்கோ இன்றுவரை ஒரு கிட் பெட்டியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. டெல்லியின் சென்டி டாய்ஸ் அம்பாசடரையும் ஆட்டோவையும் பின்னால் இழுத்துவிட்டால் ஓடுகிற மாதிரி செய்து விற்கிறது, அதை வாங்கிப் பிரித்து மறுபடி பெயின்ட் அடித்து அசலைப் போல ஆக்குகிற பையன்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் கைத்திறமை மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அது கிட் இல்லை.

மற்ற நாட்டுக்காரர்கள் தங்கள் லாரியை விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் ஏஎம்டி கம்பெனி, பீட்டர்பில்ட் 359 லாரியை 25-இல் ஒரு பங்கு அளவில் கொடுத்தது. அதே கம்பெனி 1958-லேயே ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கார் செய்யலாம் என்று, ஷோரூமிலிருந்து வந்தபடி, சொந்த ரசனைக்கு மாற்றியபடி, ரேஸுக்குத் தயாரானபடி எனப் பாகங்களைச் சேர்த்துப் போட்டது. ஆக நம் விருப்பத்துக்கு மாற்றிச் செய்வது என்பது புதிதாக வந்த பழக்கம் இல்லை. இத்தாலியின் இத்தாலெரி நிறுவனத்தில் ஸ்கானியா, வோல்வோ லாரிகள் எல்லாம் கிடைக்கும். ஜப்பானில் விளக்கும் பளபளக்கும் ஸ்டீலும் ஓவியமுமாக ஜோடித்த லாரிகளுக்கு டெகோடோரா என்று பெயர், அவற்றை அயோஷிமா நிறுவனம் 32-இல் ஒரு பங்கில் வரிசையாகப் போட்டிருக்கிறது. டமியா ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, கடைசி போல்ட் வரை பிரித்து அளவெடுத்தது, அப்புறம் 1976-இல் வந்ததுதான் 911-இன் ரேஸ் வடிவமான போர்ஷே 934-க்கு அவர்கள் போட்ட 12-இல் ஒரு பங்கு கிட். நம் லாரியின் நெற்றிப் பலகையும் பூவேலையும் கறுப்புக் கயிறும் எந்த டெகோடோராவுக்குக் குறைந்தவை?

நானே செய்வது என்று முடிவெடுத்தேன். இத்தாலெரியின் ஐரோப்பிய லாரி கிட் ஒன்றை வாங்கி சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், ஆக்சில், டயர் மட்டும் எடுத்துக்கொண்டேன், கேபினைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நிஜ லாரியும் நம் ஊருக்கு அப்படித்தானே வந்தது. கம்பெனியிலிருந்து முன்பக்கம் இன்ஜினை மூடும் மூக்குத் தகட்டோடு சேஸிஸ் மட்டும் வரும், ஒரு டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் அதை நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ ஓட்டி வருவார், கேபினும் லோடு பாடியும் இங்கே பட்டறையில் கட்டுவார்கள். நானும் என் மேஜையில் பாடி கட்டினேன்.

அளவுக்கு, ஒரு செங்கல் சூளையில் ஓடாமல் நின்றிருந்த 1210 ஒன்றைக் கண்டுபிடித்து, உரிமையாளரிடம் கேட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நோட்டுமாக அங்கேயே கிடந்தேன். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 4,200 மில்லிமீட்டர் சொச்சம் வந்தது, 24-ஆல் வகுத்தால் 175. கிட்டில் இருந்ததோ டிரெய்லர் இழுக்கும் வண்டியின் சேஸிஸ், 17 மி.மீ. குட்டை. நடுவில் அறுத்து, உள்பக்கம் ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டை கொடுத்து நீட்டினேன். அறுத்த இடம் இம்மி கோணினாலும் டயரெல்லாம் தரையில் உட்காராது, அதனால் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஒட்டி ஒரு நாள் முழுக்கத் தொடவே இல்லை. டயர் உயரம் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் ஐரோப்பிய டியூப்லெஸ் டயர் அகலம் கூடுதல், ரிம்மும் வேறு மாதிரி. நம் பழைய 20 இஞ்ச் ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் இருக்கும் இல்லையா, அதற்கு மெல்லிய கம்பியை வளைத்து ஒட்டினேன், டயரை உள்பக்கமாக அறுத்து ஒன்றரை மி.மீ. குறைத்தேன். ஸ்டீயரிங் பாக்ஸும் அதிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் ராடும் கிட்டில் இடப்பக்கம் இருந்தன, வலப்பக்கம் மாற்ற வேண்டியிருந்தது.

மூக்குத் தகடுதான் பாடாய்ப் படுத்தியது. மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் இழுத்து, ஐந்து சரியாக வராமல் ஆறாவதுதான் நின்றது. கண்ணாடி ஒட்டுவதில் புதிதாகச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சூப்பர் குளூ போட்டால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், ஃபெவிகால் போதும். லோடு பாடிக்கு முதலில் நிஜ மரக் குச்சியைத்தான் வைத்தேன், ஒரு மி.மீ. கனம் இருந்தால் நிஜத்தில் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் பலகைக்குச் சமம், கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் மரத்தின் ரேகை 24 மடங்கு சுருங்குவதில்லையே, தூரத்திலிருந்து பார்த்தாலே குச்சி என்று தெரிந்தது. அதைப் பிய்த்துவிட்டு பிளாஸ்டிக் பட்டையில் ரம்பப் பல்லால் மெல்லக் கீறிப் பழுப்பு பூசினேன், அது மரமாகிவிட்டது. தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும், கயிறுக்கு மெழுகு தடவிய பருத்தி நூல்.

பெயின்ட்டிலும் இதே கணக்குதான். 0.1 மி.மீ. கனத்துக்கு அடித்தால் நிஜ லாரியில் 2.4 மி.மீ. கனத்துக்குப் பூசிய மாதிரி, தகட்டின் ஓரங்கள் எல்லாம் மழுங்கிப்போகும். அதனால் பெயின்ட்டைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷில் மெல்லிய மூன்று நான்கு கோட், நடுநடுவே தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்ப்பு.

துரு விஷயத்தில் வெளிநாட்டுப் பாணியோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மாடல் என்றாலே கேபின் முழுக்கத் துருவும் பொத்தலுமாகச் செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓடுகிற லாரி எங்கள் பக்கம் அப்படி நிற்காது. ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்து, பெயின்ட் உரிந்த இடத்தில் கை வைத்து, பொட்டு வைத்து நிறுத்துவார்கள். அழுக்கு இருக்கிற இடம் வேறு. டீசல் டாங்க் மூடியிலிருந்து வழிந்த கறை, மட்கார்டுக்குப் பின்னால் சேறு, டெயில் போர்டில் மூட்டை உரசிய தடம், டிரைவர் பக்கக் கதவில் கை வைத்து வைத்துப் பாலிஷ் ஆன இடம். அங்கே மட்டும்தான் வைத்தேன்.

கேபின் அளவில் சந்தேகம் வந்தபோது திருச்செங்கோடு பக்கம் எழுபது தாண்டிய ஒரு பாடி மேஸ்திரியிடம் போய் நின்றேன். வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வரைபடமா, என்று கேட்டுவிட்டு ஒரு குச்சியை எடுத்துக் காட்டினார். கதவு உயரம், சீட் உயரம், ஜன்னல் அகலம் எல்லாம் அதில் வெட்டுக் குறிகளாக இருந்தன. நாற்பது வருஷம் அந்தக் குச்சியை வைத்துத்தான் கேபின் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு குறியையும் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், அவர் பேரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அதுவரை அவனுக்கும் அந்தக் குறிகள் என்னவென்று தெரியாதாம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்ல சட்டம், அப்பாவுக்கு அது கிடைக்கவில்லையே என்று எனக்கு வருத்தம்கூட உண்டு. ஆனால் மரமும் தகடுமாகக் கையால் கட்டிய அந்தக் கேபின் இனி வரப்போவதில்லை. நிற்கிற ஒன்றிரண்டும் எடைக்குப் போகின்றன, அவற்றைக் கட்டியவர்களுக்கும் வயதாகிவிட்டது. அந்தக் குச்சிகள் அடுப்புக்குப் போவதற்குள் யாராவது அளவெடுத்து வைக்க வேண்டும். ஃபோம் ஷீட்டில் அரசுப் பேருந்தை சீட்டுக் கம்பி வரை செய்கிற இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு டேப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். அடுத்த முறை இணைப்பில் இடம் இருந்தால் பொம்மைப் பக்கத்தில் வேண்டாம், இந்த மேஸ்திரிகளைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள்.

என் லாரி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நெற்றிப் பலகை மட்டும் இன்னும் பிரைமர் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. போட்டோவில் "முருகன் துணை" என்று படிக்க முடிகிறது, எழுத்துக்கு நிழல் போட்டிருப்பதும் தெரிகிறது, நிறம் தெரியவில்லை. அம்மா மஞ்சள் என்கிறார், சித்தப்பா வெள்ளை என்கிறார். 1984 வாக்கில் சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில் லாரிக்கு எழுத்து எழுதியவர்கள் யாராவது இதைப் படித்தால், பலகைக்கு என்ன நிறம், எழுத்துக்கும் நிழலுக்கும் என்ன நிறம் வைத்தீர்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதுவரை பலகையை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
சங்ககிரி