கழிப்பறை இல்லாத இடத்தில் பிபி மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கட்டுரையில், கூலித் தொழிலாளர்கள் ‘அறியாமையாலும் அலட்சியத்தாலும்’ மருந்தை முறையாகச் சாப்பிடுவதில்லை என்று ஒரு வரி. எழுதியவர் பெரிய டாக்டர். நாங்கள் மெடிக்கல் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்கள். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்த பிபி மாத்திரையைக் காலையில் போடச் சொல்வார்கள். நீர் பிரிக்கும் மருந்து அது. போட்டு இரண்டு மணி நேரத்தில் அடிக்கடி சிறுநீர் முட்டும். கலவை சுமக்கும் சித்தாள் எங்கே ஒதுங்குவாள்? தையல் லைனில் இரண்டாம் முறை எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். ஆகவே வேலை நாளில் மாத்திரை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் உண்டு. விஷயத்தைச் சொன்னால் நீர் பிரிக்காத அம்லோடிபின் போன்றதற்கு டாக்டரே மாற்றித் தரலாம். ஓபி வரிசையில், பத்துப் பேர் பின்னால் நிற்க, ஆண் டாக்டரிடம் அதைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

நூற்பாலை இரவு ஷிப்ட்காரர் கையிலும் அதே ‘1-0-1, சாப்பாட்டுக்கு முன்’ சீட்டுதான், அதாவது காலை ஒன்று, இரவு ஒன்று. காலையில் வீடு வந்து கிளிமிப்ரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, களைப்பில் சாப்பிடாமல் படுத்துவிடுகிறார். தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். வேர்வையும் நடுக்கமும் வந்தாலும் தெரியாது. அந்த மாத்திரை கடிகாரத்தோடு அல்ல, சாப்பாட்டோடு சேர்ந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இதுவும் அலட்சியக் கணக்கில்தான் வருமோ?

அடுத்தது ‘செட்’, உடம்பு வலிக்குச் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் மாத்திரைப் பொட்டலம். “ஒரு செட் குடுங்கண்ணே, நாளைக்கு வேலைக்குப் போகணும்.” வலிக்கு டைக்ளோபெனாக் 50, ஒரு பாராசிட்டமால், வயிற்றுக்கு ஒன்று, பொடிசாக டெக்சாமெத்தசோன் 0.5 என்ற ஸ்டீராய்டு, அட்டையிலிருந்து பிரித்து, பெயரில்லாத காகிதக் கவரில். கொடுக்கும் கடைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. டெக்சா பசியைக் கிளப்பும், முகத்தை உப்ப வைக்கும். சொந்தக்காரர்கள் “உடம்பு தேறிட்டியே” என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கே அடுத்த செட் விற்றுவிடும். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் ஆளையே சாய்க்கும். டைக்ளோபெனாக்கும் அதுவும் சேர்ந்தால் வயிற்றில் புண். மலம் தார்போல் கறுத்தால் ரத்தக்கசிவு என்று சந்தேகிக்க வேண்டும். மேலே சொன்ன பிபி மாத்திரையையும் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சித்திரை வெயிலில் நிற்பவருக்கு டைக்ளோபெனாக் நேராகச் சிறுநீரகத்தில் கைவைக்கும். ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை என்று கேட்டால், “வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு” என்பதுதான் பதில்.

ஏன் செட் கேட்கிறார்கள்? ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தாலும் நோய்ப்படியில் முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது; மூன்றாம் நாளிலிருந்துதான் கூலியில் 70 சதவீதம். மூன்று நாள் காய்ச்சலுக்கு லீவு போட்டால் ஒரு நாள் படிதான் கைக்கு வரும். தினக்கூலிக்கு அதுவும் இல்லை. இந்தக் கணக்கெல்லாம் தாங்கள் அறியாததா?

2019-ல் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரை கொடுப்பதாகச் செய்தி வந்ததே, அங்கே அறியாமை யாருடையது? மாத்திரையை நீட்டியவருடையதா, விழுங்கிவிட்டு மெஷினில் உட்கார்ந்தவளுடையதா?

இதில் வேடிக்கை, அதே கட்டுரைக்குக் கீழே ‘சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு’ என்று கால் பக்க லேகிய விளம்பரம். சர்க்கரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டாயிற்று. கட்டுரையாளர் கண்ணில் அந்த அறியாமை படவில்லை போலும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் பிபி, சர்க்கரை மாத்திரைகளை எந்த நேரம், எந்தச் சாப்பாட்டோடு போடுவது என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அந்த லேகியத்துக்கு ஒதுக்கிய இடமே போதும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர், ஈரோடு மாவட்டம்