வலு இலத்திரனியல் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பின் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இப்பாடத்தை வகுத்து நடத்தும் மதிப்புக்குரிய விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பக் கன்வேட்டரின் சமன்பாடுகளை மளமளவென்று எழுதும் மாணவர், அதே சுற்று மேசையில் சூடானால் கையைப் பிசைகிறார். வகுப்பில் அவர் ஓட்டிப் பார்த்த கணினி மாதிரியில் டயோட் சுட்டதில்லை, கம்பிக்குத் தூண்டல் இருந்ததில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: முதல் தவணையிலேயே, இரண்டு மாணவருக்கு ஒன்றாக, 12 வோல்ற்றை 5 வோல்ற்றாக்கி 2 அம்பியர் தரும் பலகையொன்றைக் கணக்கிட்டு, கட்டி, அளந்து காட்டச் செய்யுங்கள். வீட்டு மின்சாரம் இப்போது வேண்டாம். 230 வோல்ற்றைச் சீராக்கினால் 325 வோல்ற்று நிற்கும். பழகாத கைக்கு அது ஆகாது.

கணக்கு அரைப் பக்கம்தான். ஆளியாக வேலைசெய்யும் மொஸ்பெட் டிரான்சிஸ்டர் 100 கிலோஹேட்ஸில் திறந்து மூடும்போது, அது கடத்தும் நேர விகிதம் 5/12, அதாவது 0.42. சுருளில் ஓட்டத்தின் ஏற்ற இறக்கம் 0.6 அம்பியர் என்று வைத்தால் ஏறத்தாழ 47 மைக்ரோஹென்றி வரும். உச்ச ஓட்டம் 2.3 அம்பியர் என்பதால் 3 அம்பியருக்குக் கீழே காந்தம் நிரம்பித் தூண்டலை இழக்காத சுருள் தேவை. ஆளிக்குத் துடிப்பு தரும் ஆடினோ நுண்கட்டுப்பாட்டுப் பலகையின் 16 மெகாஹேட்ஸ் கடிகாரம் 100 கிலோஹேட்ஸுக்கு 160 படிகள் தரும். ஒரு படிக்கு வெளியீடு 75 மில்லிவோல்ற்று நகரும். பின்னூட்டம் இல்லாமல் தொடங்க இது போதும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாகங்களைத் தேடலாம்: ஐஆர்எஃப் 540என் மொஸ்பெட், அதன் கேற்றை (கட்டுப்பாட்டு முனையை) இயக்கும் ஐஆர் 2104 டிரைவர், விரைவாக அணையும் 1என்5822 டயோட். மலிவென்று 1என்4007 போட்டால், அது அணைய மைக்ரோசெக்கன் கணக்கில் எடுக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் மொஸ்பெட் அதன் வழியே ஷோர்ட் ஆகும். மொஸ்பெட்டில் போலியும் கலந்திருக்கும். கேற்றுக்கு 10 வோல்ற்று கொடுத்து 1 அம்பியர் விட்டுப் பாருங்கள். அறை வெப்பநிலையில் 44 மில்லிவோல்ற்றுக்கு மேல் விழக்கூடாது. 150 காட்டினால் அது வேறு சரக்கு.

சுருளை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அவர்களே சுற்றட்டும். பழைய கணினி பவர் சப்ளையில் மஞ்சளும் வெள்ளையுமான இரும்புத்தூள் வளையம் இருக்கும். முதலில் 10 சுற்று சுற்றி அளக்க வேண்டும். 9.3 மைக்ரோஹென்றி வந்தால், தூண்டல் சுற்றெண்ணின் வர்க்கத்தோடு ஏறுவதால் 47-க்கு 22, 23 சுற்று. இந்த அகணி 100 கிலோஹேட்ஸில் கொஞ்சம் சுடும், பரவாயில்லை. இடைவெளியில்லாத பெரைட் வளையத்தையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். 0.1 ஓம் தடையை சுருளின் வெளியீட்டுப் பக்கத்தில் தொடராக வைத்து, அதன் இரு முனைகளையும் அலைவுகாட்டியின் இரண்டு புரோபால் அளந்து கழித்தால், நேராக ஏற வேண்டிய ஓட்டக் கோடு உச்சியில் வளைந்து மேலே பாயும். நிரம்பல் என்றால் என்னவென்று அதற்குப் பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

பாகங்களை ஒட்டாமல் செருகும் பிரெட்போர்ட் இதற்கு உதவாது. ஒரு சென்ரிமீற்றர் கம்பிக்கு ஏறத்தாழ 10 நானோஹென்றி. உள்ளீட்டுக் கொள்ளளவி, மொஸ்பெட், டயோட் மூன்றும் சேரும் வளையம் 10 சென்ரிமீற்றர் நீண்டால் 100 நானோஹென்றி; 2 அம்பியர் 20 நானோசெக்கனில் மாறும்போது 10 வோல்ற்று துள்ளும். செப்புத் தகட்டில் அந்த வளையத்தை விரல் நுனிக்குள் அடக்கி ஒட்ட வேண்டும்.

அலைவுகாட்டியின் நில கிளிப் பொதுவாக மின்சார நிலத்தோடு இணைந்தது. மொஸ்பெட், டயோட், சுருள் மூன்றும் சேரும் ஆளி முனையில் அதை மாட்டினால், பவர் சப்ளையும் நிலத்தில் இருந்தால், ஷோர்ட்தான். நீண்ட நில வயரும் இல்லாத துடிப்பைக் காட்டும். கிளிப்பைக் கழற்றிக் குட்டை ஸ்பிரிங் முனையால் அளக்கப் பழக்குங்கள். வெளியீட்டில் 100 மைக்ரோபராட்டுக்கு 7.5 மில்லிவோல்ற்று அலை என்று கணக்குச் சொல்லும். மேசையில் 60-க்கு மேல் தெரியும். கொள்ளளவிக்குள் 0.1 ஓம் தொடர்தடை இருந்தாலே போதும். வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று எழுதுபவருக்கே முழுப் புள்ளி கொடுக்கலாம்.

சுமைக்கு 10 ஓம், 10 வாற்று தடைகள் நான்கை இணையாக மாட்டுங்கள். ஒன்றையாவது கழற்றாமல் விடவும். சுமையே இல்லாவிட்டால் ஆளி முனை நிலத்துக்கு இறங்காது, கேற்றை இயக்க மின்னைச் சேமிக்கும் பூட்ஸ்ட்ராப் கொள்ளளவி நிறையாது, கேற்றுக்குப் போதிய அழுத்தம் கிடைக்காமல் மொஸ்பெட் சுடும்.

முதல் தடவை மின் கொடுக்கையில், அந்த ஒற்றைத் தடையோடு மட்டும், முச்சக்கர வண்டியின் 12 வோல்ற்று 21 வாற்று பிரேக் பல்பை உள்ளீட்டில் தொடராகப் போடச் சொல்லுங்கள். சரியான சுற்றில் அது மங்கலாகவே இருக்கும். பளிச்சென்று எரிந்தால் உடனே அணைத்து டயோட் திசையையும் கேற்று வயரையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு சோடி மாணவருக்கு ஐந்து மொஸ்பெட்டாவது ஒதுக்குங்கள். எரிந்ததற்குப் புள்ளி குறைக்காமல், எரிந்த காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் மாற்றுப் பாகம் கொடுக்கும்படி களஞ்சியப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பில் கன்வேட்டர் வடிவமைப்போரும் திருத்துவோரும்