தசாய்ஃபுவுக்குப் போய்வா

அன்புள்ள கயல்,

டோக்கியோவிலிருந்து ஃபுகுவோகாவுக்கு மாற்றிவிட்டார்கள், பதவியின் பெயர்தான் பெரிது, கையில் வேலை ஒன்றும் தரவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஜப்பான் அரசவையில் அமைச்சராக இருந்த கவிஞர் சுகவாரா நோ மிச்சிசானே ஞாபகம் வந்தார். உன் ஊருக்குப் பக்கத்தில்தான் அவருடைய கடைசிக் காலம் கழிந்தது.

கியோட்டோ அரசவையின் மேல்மட்டத்தாருக்கு மொத்தமாக ‘குக்யோ’ என்று பெயர். பழைய சீன அரசில் மூன்று பேரமைச்சர்கள், அவர்களுக்குக் கீழே ஒன்பது அமைச்சர்கள் என்றிருந்த ஏற்பாட்டிலிருந்து வந்த பெயர். ஜப்பானில் தலைமை அமைச்சர், இடது அமைச்சர், வலது அமைச்சர், அடுத்து நாகோன் என்னும் ஆலோசகர்கள் என்று கொஞ்சம் பேர்தான். அதிலும் மேல் இடங்கள் பெரும்பாலும் ஃபுஜிவாரா குடும்பத்துக்கே போகும்.

மிச்சிசானே படிப்பாளிக் குடும்பம். 899-இல் வலது அமைச்சர் ஆனார். அவருக்கு முன் படிப்பை வைத்து அந்த இடத்துக்கு வந்தவர் கிபி நோ மகிபி, அதுவும் 766-இல். மிச்சிசானே அமைச்சரான மறு வருஷமே மியோஷி நோ கியோயுகி என்ற பண்டிதர், பதவியை விட்டு விலகிவிடுங்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் விலகவில்லை. 901 தொடக்கத்தில், சக்கரவர்த்தியை மாற்றச் சதி செய்தார் என்று பழி விழுந்தது. பழிக்குப் பின்னால் இருந்தவர் என்று சொல்லப்படுபவர், அப்போதைய இடது அமைச்சர் ஃபுஜிவாரா நோ தொக்கிஹிரா.

உன் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் தசாய்ஃபுவுக்குக் ‘கூடுதல் ஆளுநர்’ என்று அனுப்பினார்கள். பெயர் உண்டு, அதிகாரம் கிடையாது. கூரை ஒழுகும் வீடு. போன வருஷம் இதே இரவு அரண்மனை விருந்தில் சக்கரவர்த்தி கொடுத்த உடை இங்கே இருக்கிறது, தினமும் கையில் ஏந்தி அதில் மிச்சமிருக்கும் வாசனையை முகர்கிறேன் என்று அங்கே ஒரு கவிதை எழுதினார். பழி சுமத்தியவர்கள் மேல் ஒரு வசவுகூட அதில் இல்லை. அந்த வரியைத் தாண்டி என்னால் சட்டென்று போக முடிவதில்லை.

903-இல் இறந்தார். 993-இல் தலைமை அமைச்சர் பட்டம் கொடுத்தார்கள். யாருக்கு அம்மா அது?

அதனால் சொல்கிறேன், சும்மா இருக்காதே. உன் பொறுப்பு என்ன, யாருக்குக் கீழே, யார் உனக்குக் கீழே என்று எழுத்தில் கேள். கோபத்தில் ராஜினாமா மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்ஜினில் ரயிலேறி ஃபுத்சுகாய்ச்சியில் மாறி தசாய்ஃபுவுக்குப் போய்வா. அவரைக் கல்விக் கடவுளாக வணங்கும் பெரிய கோயிலில் பரீட்சைப் பிள்ளைகள் கூட்டமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அவர் குடியிருந்த இடம் என்று சொல்லும் எனோகிஷாவையும் பார். எப்படி இருந்தது என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா