தோழிக்குக் கிடைத்த ஃபெலோஷிப்

அன்புள்ள கமலா,

முட்டிவலி, மருமகனின் வேலை மாற்றம், பேத்தியின் பரீட்சை எல்லாம் எழுதி முடித்த பிறகு, 'இதையும் சொல்லிவிடுகிறேன்' என்று கடைசி வரியில் உனக்கு ஃபெலோஷிப் கௌரவம் கிடைத்த செய்தியைச் செருகியிருந்தாய். உன் குணம் தெரியும், சிரித்துக்கொண்டேன். ஆனால் 'இருமலும் சர்க்கரையும் பார்த்ததற்கு எதற்கடி இதெல்லாம்?' என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

இதய அறுவை செய்கிறவர் இத்தனை பேருக்குச் செய்தேன் என்று கணக்குக் காட்டிவிடுவார். நம்மைப் போன்ற குடும்ப மருத்துவர்களிடம் கணக்கு ஏது? இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வைத்ததால் பக்கவாதம் வராமலே போனவருக்கு, வராமல் போனது தெரியவே தெரியாது. நமக்கும் தெரியாது.

நம்மைப் போலவே குடும்ப மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட்டை நினைத்துப் பார். வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் இருந்துகொண்டு, எனக்கொன்றும் இல்லை என்றவர்களையும் விடாமல் பிடித்து இரத்த அழுத்தம் பார்த்தார். மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். பிரிட்டனின் பொது மருத்துவர்கள் கல்லூரி, அதாவது அங்குள்ள குடும்ப மருத்துவர்களின் தொழில் அமைப்பு, அவருக்குத் தன் முதல் 'டிஸ்கவரி' பரிசைக் கொடுத்தது 2006-ல். ஆள் எழுபதைத் தாண்டிவிட்டிருந்தார். அந்தக் கல்லூரியே 1952-ல்தான் பிறந்தது. அங்கே உள்மருத்துவ நிபுணர்களுக்கு 1518-லேயே கல்லூரி வந்துவிட்டது. அமெரிக்காவில் 1969-ல்தான் குடும்ப மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றார்கள். ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் போதும் என்று மற்றத் துறையினர் இருந்த காலத்தில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி தேர்வு எழுத வேண்டும் என்று முதலில் விதித்துக்கொண்டதும் நம் ஆட்கள்தான். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

கணக்கே இல்லை என்றும் முழுக்கச் சொல்லிவிட முடியாது. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்ததே, படித்தாயா? ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நெடுநாள் இருந்தவர்களிடம் இறப்பு வாய்ப்பு சுமார் 25 விழுக்காடு குறைவு. அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவு. மருத்துவர் இடம் மாறாமல் இருந்தாலே ஒரு பலன் இருக்கிறது போலும். நீ முப்பது வருடத்துக்கு மேல் அதே நாற்காலியில் இருக்கிறாய்.

என் பக்கத்துச் செய்தி: போன வருடம் ஒரு விருதுத் தேர்வுக் குழுவில் என்னை உட்கார வைத்தார்கள். வந்த விண்ணப்பங்களில் பாதி, முகாம்களின் பட்டியலும் பிரமுகர்களோடு எடுத்த படங்களும். ஒரு மருத்துவர் மட்டும் ஒரு நோயாளியின் பழைய அட்டையை நகல் எடுத்து இணைத்திருந்தார். மேலே குழந்தைப் பருவத் தடுப்பூசிகள், நடுவில் ஆஸ்துமா, கீழே கர்ப்பகாலக் குறிப்பு, பின்பக்கம் அவளுடைய குழந்தைக்கான தடுப்பூசி. எல்லாம் ஒரே கையெழுத்து. போகப் போக எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. 'இதில் சாதனை எங்கே?' என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் சத்தம் போட்டுப் பார்த்தேன். பலிக்கவில்லை, விருது முகாம்காரருக்குப் போயிற்று. இந்த வருடம் அந்தக் குழுவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. நல்லதாகப் போயிற்று.

அதனால்தான் உனக்குக் கிடைத்ததில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. விழாவில் ஏற்புரை ஐந்து நிமிடம் என்றாயே, 'நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை' என்று ஆரம்பித்துத் தொலைக்காதே. எதிரில் உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். உன்னோடு ஆரம்பத்திலிருந்து இருக்கும் நர்ஸ் அம்மாவை முன்வரிசையில் உட்கார வை. பேச்சை எழுதியதும் எனக்கு அனுப்பு, அடக்கத்தையெல்லாம் நான் அடித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மீனாட்சி