மங்கு ஜாடிய பார்சல்ல அனுப்பப் போறவளுக்கு

அடியே காரைக்குடிக்காரி,

உன் வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன், முதல் தடவ சிரிப்பு வந்துச்சு, ரெண்டாவது தடவ வயித்தெரிச்சல், மூணாவது தடவதான் என்னத்த கேக்குறன்னே புரிஞ்சுது. போன்ல சொன்னா பாதிலயே "சரி சரி புரிஞ்சுது"ன்னு வச்சுருவ, ஹாஸ்டல்லயே உன் புத்தி அதுதான, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், நீளமாத்தான் இருக்கும், டீ போட்டுட்டு வந்து உக்காரு.

இங்க எல்லாரும் நல்லாருக்கோம். எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, தரைல உக்காந்து பொம்மைய பேக் பண்ணாதன்னு டாக்டர் சொல்லிட்டாரு, சொல்லி என்ன, டேபிள்ல வச்சு கட்டுனா எனக்கு கை ஓடாது. கொலு சீசன் முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள கிறிஸ்துமஸ் குடில் செட்டுக்கு ஆர்டர் வர ஆரம்பிச்சுருச்சு. இங்க மதுரைப் பக்கம் விளாச்சேரில ஆவணில பிள்ளையார் செஞ்ச அதே கைங்கதான் இப்ப மாதா, சூசையப்பர், மூணு ராஜா, ஆட்டுக்குட்டின்னு செய்யுது. அந்த ஆட்டுக்குட்டி காது இருக்கே, என் உசுர வாங்குது.

சரி, உன் விஷயம். உங்க ஆச்சி வீட்டு மச்சுல கெடக்குற மங்கு ஜாடி (பீங்கான்தான்), கண்ணாடி விளக்கு, இனாமல் தூக்கு எல்லாத்தயும் ஆன்லைன்ல போட்டு விக்கப் போறேன், நாலு பேப்பர சுத்தி டப்பால வச்சு அனுப்புனா போதும்லன்னு கேக்குற பாரு. போதாதுடி. பொம்ம விக்க ஆரம்பிச்ச முதல் வருஷம் நானும் அப்படித்தான் நெனச்சேன். சேலத்துக்கு ஒரு தசாவதார செட்டு, களிமண்ணு, ஒரு அடி உசரம், பத்து பொம்மையயும் ஒரே பெட்டில அடுக்கி தெர்மாகோல் உருண்டைய மூட்டையா வாங்கி கொட்டி நெரப்பி அனுப்புனேன். ஒம்பது அவதாரமும் அலுங்காம போய்ச் சேந்துச்சு, வாமனர் கைல இருந்த குடை மட்டும் உடைஞ்சுருச்சு. ஒம்பத வச்சு எப்படிங்க படி கட்டுறதுன்னு அந்தம்மா கேட்டாங்க, நியாயம்தான. ஒத்த வாமனர் மட்டும் செஞ்சு தாங்கன்னு கேட்டா பொம்ம செய்யிற அண்ணன் அந்த பெயிண்டு கலவை தீந்துருச்சுங்குறாரு, வேற நீலத்துல அடிச்சு அனுப்ப முடியுமா, கடைசில முழு செட்டுக்கும் காச திருப்பிக் குடுத்தேன்.

அப்ப கூரியர்காரன திட்டோ திட்டுன்னு திட்டுனேன், அப்பறம் யோசிச்சா தப்பு என்மேலதான். அந்த உருண்டை இருக்கே, வண்டி குலுங்க குலுங்க தண்ணி மாதிரி வெலகி வழி விடும், கனமான பொம்ம மெதுவா அடில போய் உக்காரும், மேல காலி இடம் விழும், பொம்ம ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். மேலருந்து கீழ விழுந்து உடையிறத விட உள்ளுக்குள்ளயே ஒண்ண ஒண்ணு மோதி உடையிறதுதான் ஜாஸ்தி. அந்த அண்ணன் பழைய முறைல வைக்கோல்ல கட்டுறத ஒரு நாள் உக்காந்து பாத்தேன், வைக்கோல பிரி மாதிரி முறுக்கி முதல்ல கழுத்து, கையிடுக்கு, புல்லாங்குழலுக்கும் வாய்க்கும் நடுவுல இருக்குற சந்துன்னு பள்ளத்தயெல்லாம் அடைக்கிறாரு, அதுக்கப்பறந்தான் மேல சுத்துறாரு. கடைசில பாத்தா பொம்மயே தெரியாது, ஒரு கட்டை மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் அடி விழுந்தாலும் ஒடம்புலதான் விழும், நீட்டிட்டு இருக்குற வெரல்ல விழாது. நான் இப்ப டிஷ்யூ பேப்பர், பஞ்சு, பபிள் ராப்னு மாத்திக்கிட்டேன், ஆனா வேலை அதே வேலைதான். வைக்கோல் ஈரம் இழுக்கும், பூச்சி வரும், வெளிநாட்டு ஆர்டர்னா தொட்டுறவே கூடாது, ஆஸ்திரேலியாக்காரங்க வைக்கோல உள்ளயே விட மாட்டாங்க.

உன் ஜாடிக்கு வர்றேன். பேக் பண்ணுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணயும் வெரல் முட்டியால தட்டிப் பாரு. டங்குன்னு மணி மாதிரி கேட்டா நல்லாருக்கு, டப்புன்னு செத்த சத்தம் வந்தா எங்கயோ மயிர்க்கோடா விரிசல் விட்டுருக்குன்னு அர்த்தம், அத அனுப்புனா வழியிலயே ரெண்டா பொளந்துரும், பழி உன் தலைல. ஜாடி மேல மூடிய வச்சு டேப் ஒட்டி அனுப்புற வேலையெல்லாம் வேணாம், மூடிய தனியா சுத்து, ஜாடி வயித்துக்குள்ள பேப்பர கசக்கி இறுக்கமா திணி. நியூஸ் பேப்பர் நேரா படக்கூடாது, அடில மெருகு இல்லாத சொரசொரப்பு இருக்கும் பாரு, அங்க மை ஒட்டுனா போகாது. முதல்ல வெள்ள பேப்பர், அப்பறம் பபிள் ராப், குமிழ் உள்பக்கம் பாத்து இருக்கணும், வாய் விளிம்புக்கு மட்டும் கூட ரெண்டு சுத்து. (இந்த பபிள் ராப்ப 1957ல அமெரிக்கால ரெண்டு பேரு சுவத்துல ஒட்டுற வால்பேப்பரா ஆகும்னுதான் செஞ்சாங்களாம், என் பையன் சொன்னான், நல்லவேள ஆகல.) பெயிண்டு அடிச்ச பொம்மைல குமிழ் நேரா பட்டா வெயில்ல வட்ட வட்டமா தடம் விழுந்துரும், மங்குக்கு அந்த பயம் இல்ல. விளக்கு கண்ணாடிய தனி டப்பால நிக்க வை, படுக்க வைக்காத.

அப்பறம் பெட்டி. மளிகைக் கடைல எண்ணெய் அட்டைப்பெட்டி வாங்கி வச்சுருக்கேன்னு சொன்னியே, தூக்கி பழைய பேப்பர் கடைல போடு. ஒரு தடவ அடி வாங்குன அட்டைக்கு பலம் கிடையாது, இந்த ஐப்பசி மழைல ஈரத்துல அது அப்பளம் மாதிரி நமத்துரும். வெளிப்பெட்டி 5 பிளை, அதாவது அஞ்சு அடுக்கு அட்டை, புதுசு. ஜாடி உள்ள சின்னப் பெட்டில, அந்த பெட்டி பெரிய பெட்டில, ரெண்டுக்கும் நடுவுல ஆறு பக்கமும் 5 செமீ அடைப்பு, பெரிய பெட்டிக்குள்ள ஒரு பாலித்தீன் கவர். மூடிட்டு காதுல வச்சு ஆட்டிப் பாரு, உள்ள லேசா சத்தம் கேட்டாலும் பிரிச்சு திரும்ப அடை, சோம்பேறித்தனம் பாக்காத. நான் இடுப்பு உசரத்துலருந்து போட்டே பாப்பேன், முதல் தடவ என் வீட்டுக்காரர் கண்ண மூடிக்கிட்டாரு. டேப்ப நடுவுல ஒரு கோடு இழுத்துட்டு விட்டுறாம ரெண்டு ஓரத்துலயும் ஒட்டணும், அடிப்பக்கமும் சேத்து.

"உடையும் பொருள்" ஸ்டிக்கர் ஒட்டு, வேணாங்கல, ஆனா அத நம்பாத. நடுராத்திரில ஒரு லாரிய எறக்கி இன்னொரு லாரில ஏத்துற ஆளுக்கு அதப் படிக்க எங்க நேரம், அவரயும் குத்தம் சொல்ல முடியாது.

முக்கியமான ஒண்ணு, இதுல நான் நெறய காசு விட்டேன். நெறய கூரியர்ல எடைய மட்டும் பாக்க மாட்டாங்க, நீளம் அகலம் உசரத்த செமீல பெருக்கி 5000ஆல வகுப்பாங்க, எடை, இந்த கணக்கு, ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் காசு. 40க்கு 40க்கு 40 பெட்டின்னா 12.8 கிலோ, உள்ள இருக்குற ஜாடி நாலு கிலோதான் இருக்கும், நீ 13 கிலோவுக்கு கட்டுவ. அதனால வெல போடுறதுக்கு முன்னாடி ஒரு ஜாடிய முழுசா கட்டிப் பாத்து, அளந்து, போஸ்ட் ஆபீஸ், கூரியர், ஆம்னி பஸ் பார்சல் மூணுலயும் விசாரிச்சுட்டு அப்பறமா வெல போடு. பெட்டி காசு, டேப் காசு, உன் இடுப்பு வலி எல்லாம் அதுல வரணும். வெல ஒசந்த சாமான்னா போஸ்ட் ஆபீஸ்ல இன்சூர் பண்ணிரு. கட்டுறத போன்ல வீடியோ எடுத்து வச்சுக்க, வாங்குறவங்கள பிரிக்கிறப்ப வீடியோ எடுக்கச் சொல்லு, பின்னாடி நீயா நானான்னு வராது.

இனாமல் தூக்கு உடையாதுன்னு தூக்கிப் போட்டுறாத, ஓரம் சில்லு பேந்துருச்சுன்னா வெல பாதி.

அப்பறம் நீ அனுப்புன போட்டோல மூணாவதா ஒரு பெரிய ஜாடி இருக்கே, மேல பாதி மரக்கலரு, கீழ வெள்ள, வாய்கிட்ட லேசா தேஞ்சது, அத லிஸ்ட்ல போடாத. அது எனக்கு. எத்தன சுத்து சுத்துனாலும் அத நீ பார்சல்ல போட வேணாம், அடுத்த ஞாயித்துக்கிழம பஸ் ஏறி வந்து மடில வச்சுக்கிட்டு போறேன், மத்தியானத்துக்கு எனக்கும் சேத்து ஒல வச்சுரு.

உன் விளாச்சேரிக்காரி