காப்பக வாசலில் இருக்கும் அந்த அட்டவணையைக் கழற்றுங்கள்

தில்லியில் எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் காப்பகத்தை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். காப்பக வாசலில் நீங்கள் ஒட்டியிருக்கும் 'இந்த மாத வளர்ச்சி' அட்டவணையில், உட்காருவது, நடப்பது என ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் குறித்து, அதற்குள் செய்யாத குழந்தைக்குச் சிவப்புப் பொட்டு வைக்கிறீர்கள். வாட்ஸப் குழுவிலும் மாதாமாதம் வருகிறது. அதைக் கழற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

இந்த மாதம் 'எட்டு மாதம், உட்காரவில்லை' என்று சிவப்புப் பொட்டு வாங்கிய குழந்தை எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தது. சேர்க்கைப் படிவத்தில் நீங்களே கேட்டு எழுதிக்கொண்ட விவரம் இது. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயதுவரை, டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அதற்கு ஆறு மாதம்தான். கையை முன்னால் ஊன்றி உட்கார்ந்தாலே அந்த வயதுக்குப் போதும். பொட்டைப் பார்த்த நாள்முதல் பாட்டி அதைத் தலையணைகளுக்கு நடுவே நிமிர்த்தி வைக்கிறார். சுற்றிலும் முட்டுக் கொடுத்துவிட்டால், சாயும்போது கை ஊன்றிச் சமாளிக்கக் குழந்தை எப்படிப் பழகும்?

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில் புதுதில்லிக் குழந்தைகளும் உண்டு. துணையின்றி உட்கார ஏறக்குறைய 4 முதல் 9 மாதம், தனியே நடக்க 8 முதல் 17½ மாதம் என்கிறது அது. முழங்கால் ஊன்றித் தவழாமலேயே நடந்த பிள்ளைகளும் அதில் நூற்றுக்கு நான்கு பேர். உங்கள் அட்டவணையிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மாதம்.

அடுத்தது, காப்பகத்தில் வரிசையாக வைத்திருக்கும் வாக்கர்கள், அதாவது குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் சக்கர வண்டிகள். அதில் உட்கார்ந்த குழந்தை கால்விரல் நுனியால் உந்துகிறது, தன் பாதத்தையே பார்ப்பதில்லை. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. (நம் ஊர் நடைவண்டி வேறு, தானே எழுந்து நிற்கும் பிள்ளை பிடித்துத் தள்ளுவது.) வாக்கரை எடுத்துவிட்டுத் தரையில் விடச் சொன்னால், 'தரை சில்லென்று இருக்கிறதே' என்பீர்கள். தை மாதத்துத் தில்லி மார்பிள் அப்படித்தான் இருக்கும். கெட்டியான ஃபோம் பாய் விரித்து, மேலே ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்து, ஓரங்களை அடியில் செருகுங்கள். ரஜாய் (பஞ்சு அடைத்த தடித்த போர்வை) வேண்டாம். முழங்கை புதைந்து மார்பைத் தூக்க முடியாது, முகம் அமுங்கினால் மூச்சுக்கும் ஆபத்து. தடித்த ஸ்வெட்டரில் கை மடங்காது, மெல்லியதாக இரண்டு போடுங்கள். சாக்ஸ் வழுக்கும், விளையாடும் நேரத்துக்காவது கழற்றிவிடுங்கள். பால் குடித்த உடனே இல்லாமல், விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, இரண்டு மூன்று நிமிடமாகக் குப்புறப் போடலாம். நாளெல்லாம் சேர்த்து அரை மணி நேரம் வந்தால் போதும். ஒரு சாண் தள்ளி டபரா ஒன்றை வையுங்கள், மற்றதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்க.

கட்டணம் தாமதமானால் பெற்றோரைத் தனியே அழைத்துக் காதோடு சொல்கிறீர்கள். குழந்தை உட்காராதது மட்டும் ஊருக்கே தெரிய வேண்டுமா?

கவனிக்க வேண்டியவை உண்டுதான். ஒன்பது மாதம் கடந்தும் உட்காராதது, ஒரே பக்கக் கையை மட்டும் நீட்டுவது, 18 மாதத்திலும் நடக்காதது, வந்த திறமை போய்விடுவது. இவற்றில் எதைக் கண்டாலும் பெற்றோரிடம் தனியே சொல்லி, குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதப் பட்டியல் ஏறுவதற்குள் அட்டவணையைக் கழற்றி, வாக்கர்களையும் அப்புறப்படுத்தித் தரும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இக்குடியிருப்பின் பிசியோதெரபிஸ்டுகள், செவிலியர்கள்